கேனான் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வந்தவை

கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸுக்கு அடுத்தபடியாகப் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்கள் அதிகம் வாங்குவது 50 எம்எம் எஃப் 1.8 தான். முதல் வாரம் பின்னணி கரைந்த படங்களைப் பார்த்து மனசு நிறைந்துவிடும். ஒன்றிரண்டு மாதம் போனதும் “ஷார்ப்பாகவே வரவில்லை” என்ற புகார் தொடங்கும். நெடுநாள் பயன்படுத்திப் பார்த்தால், அந்தப் புகாரில் பெரும்பங்கு லென்ஸைச் சேர்ந்ததல்ல என்று புரியும். எது லென்ஸின் குறை, எது பிடிக்கும் முறையின் குறை என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டால் படம் தானாகத் தேறும்.

முதலில் உடல்வாகு. டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்காக 2015-இல் வந்த இந்த எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார்) பதிப்பின் எடை ஏறக்குறைய 160 கிராம், மவுண்ட் (கேமராவில் பொருந்தும் வளையம்) உலோகம், ஃபில்டர் அளவு 49 மிமீ. 1990-இல் வந்த முந்தைய பதிப்பில் மவுண்ட் பிளாஸ்டிக், அப்பர்ச்சர் (ஒளி புகும் துளை) இதழ்கள் 5. இதில் 7. குறைந்தபட்ச ஃபோகஸ் தூரமும் 45 செ.மீ.யிலிருந்து 35 செ.மீ. ஆகக் குறைந்திருக்கிறது. பூ, தட்டு, கைவினைப் பொருள் எடுப்பவர்களுக்கு இந்த 10 செ.மீ. வித்தியாசம் பெரிது.

கவனிக்க வேண்டிய பாகம் முன்னால் நீளும் உட்குழாய். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது அது வெளியே வரும். அந்த நிலையிலேயே கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டால், அழுத்தம் நேராக ஃபோகஸ் இயக்கத்தின் மேல் விழும். ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது, அணைத்த பிறகு சுற்றிப் பயனில்லை. ஆகவே தொலைவில் இருக்கும் எதையாவது ஒருமுறை ஃபோகஸ் செய்து, குழாய் உள்ளே போனதும் அணைப்பது நல்லது. ஹூட் (லென்ஸின் முன்மறைப்பு) மாட்டியே வைத்திருப்பதும் இடியைத் தாங்கும், எதிர்வெளிச்சத்தில் படம் வெளுப்பதையும் குறைக்கும்.

இனி “ஷார்ப் இல்லை” என்ற விஷயம். கிராப் சென்சார் (35 மிமீ ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 1 மீட்டர் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால், தெளிவாக விழும் ஆழம் 3 செ.மீ.கூட இல்லை. முகம் 30 டிகிரி திரும்பியிருந்தாலே ஒரு கண் மற்றதைவிட ஏறத்தாழ 3 செ.மீ. பின்னால் போய்விடும். கிட்ட உள்ள கண்ணில் ஃபோகஸ் சரியாக விழுந்தாலும் மற்ற கண் மங்கத்தான் செய்யும். லென்ஸ் மேல் பழி போட இதில் ஒன்றுமில்லை. துளையைச் சிறிதாக்கி எஃப் 2.8 வைத்தால் ஆழம் சுமார் 4 செ.மீ., எஃப் 4-இல் 6 செ.மீ. அப்பர்ச்சரைத் தொடாமல் 2 மீட்டர் தள்ளி நின்றாலே எஃப் 1.8-இலும் 11 செ.மீ. கிடைக்கும். முகப்படத்துக்கு இரண்டு எட்டு பின்னால் போவது பல நேரம் அப்பர்ச்சரைக் குறைப்பதைவிட நல்ல வழி, மூக்கு பெருத்துத் தெரிவதும் குறையும்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பூட்டிவிட்டு கேமராவைத் திருப்பி ஃபிரேம் அமைக்கும் பழக்கம் கிட் லென்ஸில் எடுபடும். இங்கே எடுபடாது. அந்த இடைவெளியில் உடம்பு 2 செ.மீ. ஆடினாலே கண் தப்பி இமையோ காதோ தெளிவாகிவிடும். ஃபோகஸ் புள்ளியையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்துங்கள்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் அரைமணி நேரச் சோதனை ஒன்று போதும். டிரைபாடில் கேமரா, சுமார் 1.5 மீட்டர் தள்ளி நேராக நிற்கும் ஒரு அட்டைப்பெட்டி, அதன் பக்கத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்த அளவுகோல். பெட்டியின் முகப்பும் அளவுகோலின் நடுக்கோடும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். எஃப் 1.8 வைத்து, பெட்டியின் எழுத்தில் ஃபோகஸ் செய்து, வியூஃபைண்டர் வழியாகப் பத்துப் படம், லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) பத்துப் படம். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டும். லைவ் வியூ சரியாக இருந்து, வியூஃபைண்டர் படங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தவறினால், கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்: உங்கள் கேமராவில் ஏஎஃப் மைக்ரோ அட்ஜஸ்ட்மெண்ட் (ஆட்டோஃபோகஸை நுணுக்கமாகத் திருத்தும் அமைப்பு) இருந்தால் அதில் திருத்தலாம், இல்லாவிட்டால் சர்வீஸ். முன்னும் பின்னுமாகச் சிதறினால் வெளிச்சம் போதவில்லை, அல்லது ஃபோகஸ் புள்ளி விழுந்த இடத்தில் பிடிமானமான கோடு எதுவும் இல்லை. இரண்டு முறையிலும் சரியாக வந்தால் லென்ஸ் நன்றாகவே இருக்கிறது, கையில்தான் வேலை பாக்கி.

கை என்றதும் ஷட்டர். இதில் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தை ஈடுகட்டும் வசதி) கிடையாது. கிராப் சென்சாரில் இது 80 எம்எம் லென்ஸ் போலப் பார்ப்பதால் 1/100 விநாடிக்குக் கீழே போகாமலிருப்பது பாதுகாப்பு, ஓடியாடும் குழந்தைக்கு 1/250 முதல் 1/500 வரை வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 1600, 3200 என்று ஏறினால் ஏறட்டும். அதனால் வரும் நாய்ஸை (புள்ளிக் குறுணலை) பிறகு குறைக்கலாம், ஆடிய படத்தை மீட்க முடியாது.

லென்ஸின் நிஜமான குறைகளும் உண்டு. எஃப் 1.8-இல் வெயிலை முதுகில் வாங்கிய இலை விளிம்பிலும் வெள்ளி நகையிலும் ஊதா நிறக் கோடு படரும், ஃபோகஸுக்கு முன்னால் இளஞ்சிவப்பும் பின்னால் பச்சையும் தட்டும். எஃப் 2.8-க்கு வந்தால் வெகுவாகக் குறையும். ஃபிரேமின் மூலைகள் எஃப் 4-க்குப் பிறகுதான் தேறும். வீடியோவில் ஃபோகஸ் மோட்டாரின் சத்தம் கேமரா மைக்கில் கேட்கும், தனி மைக் வேண்டும்.

பிறரிடம் காட்டிக் கருத்துக் கேட்கும்போது நடக்கும் பெரிய தவறு, சுருக்கிய படத்தை மட்டும் அனுப்புவது. 6000 பிக்சல் அகலப் படத்தை 2048 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்காகிவிடும், ஃபோகஸ் சற்றுத் தவறியதெல்லாம் அதில் மறைந்துபோகும். பார்ப்பவரும் “அருமை” என்று சொல்லிவிட்டு நகர்வார். சுருக்கிய முழுப்படத்தோடு, கண் இருக்கும் பகுதியை 100 சதவீத அளவில் 1000க்கு 1000 பிக்சல் வெட்டி இணைத்து அனுப்புங்கள். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ, ஏறத்தாழ தூரம், ஃபோகஸ் புள்ளி எங்கே வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். “எப்படி இருக்கிறது?” என்று கேட்காமல் “இடது கண் மங்கியது ஆழத்தாலா, ஆட்டத்தாலா?” என்று கேட்டால் பதில் பயன்படும். ஆட்டம் என்றால் கண்மணியில் மின்னும் ஒளிப்புள்ளி ஒரு திசையில் கோடாக இழுபட்டிருக்கும், ஃபோகஸ் தவறு என்றால் அது வட்டமாகவே ஊதியிருக்கும். தெரிந்தவர்கள் முதலில் தேடுவது அந்தப் புள்ளியைத்தான்.

ஏற்றுமதியில் எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பு மட்டும் போதும். அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படம், நிறக் குறிப்பைப் படிக்காத செயலிகளில் சோகையாகத் தெரியும். அளவைக் குறைத்த பிறகு 0.5 பிக்சல் ஆரத்தில் மெல்லியதாக ஷார்ப்பன் செய்து, ஜேபெக் தரம் 80 முதல் 85-க்குள் வையுங்கள். வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். அப்போது மெட்டாடேட்டாவும் அப்படியே போகும் என்பதால், வீட்டில் எடுத்த படம் என்றால் ஜிபிஎஸ் விவரத்தை மட்டும் நீக்கிவிட்டு, கேமரா விவரங்களை விட்டுவையுங்கள்.