ஏபி-யா, ரன்னிங் ஸ்டார்ட்டா? ரெண்டையும் வீட்ல பாத்துட்டு எழுதுறேன்

பிப்ரவரி வந்தா போதும், சியாட்டில் பக்கம் பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிற நம்மாளுங்க வீட்ல எல்லாம் இதே பேச்சுதான். அடுத்த வருஷம் ஸ்கூல்லயே ஏபி (காலேஜ் லெவல்ல நடத்துற பாடம், கடைசி எக்ஸாம்ல நல்ல ஸ்கோர் வந்தா காலேஜ்ல க்ரெடிட், அதாவது டிகிரிக்கு சேர்ற பாடக் கணக்கு, கிடைக்கலாம்) எடுக்கட்டுமா, இல்ல ரன்னிங் ஸ்டார்ட்ல காலேஜுக்கே போயிடட்டுமா. எங்க வீட்ல பெரியவ ரன்னிங் ஸ்டார்ட் போனா, சின்னவன் ஏபி எடுத்தான். எல்லாரும் முதல்ல எவ்ளோ காசு மிச்சம்னுதான் கேக்குறாங்க, நானும் அன்னிக்கு அதத்தான் கேட்டேன். ஆனா இப்ப கேட்டா, பிள்ளை ஒரு பாடத்துல சறுக்கிட்டா அந்த மார்க் எங்க போய் உக்காருதுன்னு முதல்ல பாருங்கன்னுதான் சொல்வேன்.

காசு கணக்க முடிச்சிடுவோம். ரன்னிங் ஸ்டார்ட் நம்ம வாஷிங்டன் ஸ்டேட்ல 1990-ல சட்டமா வந்தது. 11, 12 படிக்கிற பிள்ளைங்க கம்யூனிட்டி காலேஜுக்கே போய் பெரியவங்களோட ஒண்ணா உக்காந்து படிக்கலாம், படிப்புக்கான ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. புக்ஸ், சில ஃபீஸ், போக வர செலவு நம்மளது, வருமானம் கம்மியான குடும்பத்துக்கு அதுலயும் சலுகை உண்டு. ரெண்டு வருஷம் முழுசா போய் 90 க்ரெடிட் முடிச்சா அசோசியேட்ங்கிற ரெண்டு வருஷ டிகிரியே கைக்கு வந்துடும். ஏபி க்ளாஸ் பப்ளிக் ஸ்கூல்ல ஃப்ரீ, மே மாச எக்ஸாமுக்கு பாடத்துக்கு சுமார் 100 டாலர். காசு மட்டும்தான் பேச்சுன்னா ரன்னிங் ஸ்டார்ட்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா வேகம்னு ஒண்ணு இருக்கு, அத யாரும் எங்களுக்கு சரியா சொல்லல. 5 க்ரெடிட் காலேஜ் கோர்ஸ் ஒண்ணு ஹைஸ்கூல்ல ஒரு முழு வருஷப் பாடத்துக்கு சமம். கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா காலேஜ்ல அது ஒரே குவார்ட்டர்ல, எக்ஸாமோட சேத்து சுமார் 11 வாரத்துல முடிஞ்சிடும். என் பொண்ணு முதல் குவார்ட்டர்லயே கெமிஸ்ட்ரி எடுத்தா. செப்டம்பர் கடைசில க்ளாஸ் ஆரம்பிச்சுது, ஸ்கூல்ல இருந்து காலேஜ், காலேஜ்ல இருந்து திரும்ப ஸ்கூல்னு ஓடிட்டு இருந்தா, நவம்பர்ல பாத்தா ரெண்டு மிட்டர்ம்லயும் அடி வாங்கியிருக்கா. எங்ககிட்ட சொல்ல பயந்துட்டு இருந்துட்டா, அவ சொன்ன நாள் கோர்ஸ பாதில விட்டு வித்ட்ரா பண்ற கடைசி தேதி தாண்டி 4 நாள். நான் பதறிப்போய் காலேஜுக்கு ஃபோன் பண்ணேன், மாணவி அனுமதி இல்லாம அப்பாகிட்ட பேச முடியாதுன்னுட்டாங்க. வயசு 16 தானேன்னு கேட்டேன். காலேஜ்ல சேந்துட்டா ஃபெர்ப்பாங்கிற மாணவர் ரெக்கார்ட் ரகசியச் சட்டப்படி அந்த உரிமை பிள்ளைக்குப் போயிடுதாம், வயசு கணக்கே இல்ல. கடைசில சி ப்ளஸ் வந்துச்சு.

அவ இப்ப யூனிவர்சிட்டி முடிச்சு மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றா. அந்த அப்ளிகேஷன்ல, அதான் ஏஎம்காஸ், ஹைஸ்கூல்ல இருக்கும்போது எடுத்த காலேஜ் கோர்ஸ் உட்பட எல்லாத்தையும் போடணும், ஜிபிஏ-லயும், அதாவது மொத்த கிரேட் சராசரிலயும், சேரும். 16 வயசுல வாங்கின சி ப்ளஸ் 22 வயசுல கூடவே வருது. நம்மூர் இன்ஜினியரிங் அரியர் மாதிரி திரும்ப எழுதி க்ளியர் பண்ணிக்கலாம்னு நினைச்சுடாதீங்க, திரும்ப எடுத்தாலும் அங்க ரெண்டு தடவையும் சேத்துதான் கணக்கு போடுவாங்க. அவ அந்த பக்கத்த ஃபில் பண்ணும்போது நான் பக்கத்துல இருந்தேன், அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, ஏன்னா கையெழுத்து போட்டு அனுப்பினது நான்தான்.

அவ தம்பி, எங்க சின்னவன் கதை வேற. அவன் ஏபி பிசிக்ஸ் 1 எடுத்தான், க்ளாஸ்ல பி, எக்ஸாம்ல 5-க்கு 2. ஜூலைல ஸ்கோர் வந்துச்சு, வீட்ல ஒரு நாள் சோகம், அவ்ளோதான். அந்த ஸ்கோர எங்கயும் அனுப்பல. அந்த பி ஸ்கூல் ட்ரான்ஸ்கிரிப்ட்ல இருக்கு, அட்மிஷன்ல பாப்பாங்கதான், ஆனா காலேஜ் ஜிபிஏ-ல வந்து ஒட்டிக்காது. காலேஜ் போய் அதே பிசிக்ஸ முதல்ல இருந்து எடுத்தான், சுத்தமான சிலேட்டு.

அதுக்காக ஏபி-ல குறையே இல்லன்னு சொல்ல வரல. வருஷம் பூரா ஒழுங்கா படிச்ச பிள்ளையோட க்ரெடிட் ஒரே ஒரு எக்ஸாம்ல தொங்குது. ப்ளஸ் டூ பப்ளிக் எக்ஸாம் எழுதி வளந்த நமக்கு இது பழக்கமான விஷயம்ங்கிறதாலயே நாம ஏபி பக்கம் சாயுறோமோன்னு கூட எனக்குத் தோணும். எக்ஸாம் ஹால்ல கை நடுங்குற பிள்ளை, ஆனா வாராவாரம் ஹோம்வொர்க்க கரெக்டா முடிச்சு கொடுக்கிற பிள்ளைன்னா ரன்னிங் ஸ்டார்ட்தான் நியாயம், அங்க கோர்ஸ் பாஸ் பண்ணா க்ரெடிட் கையில. அப்புறம் என் பொண்ணு ப்ரொஃபஸருக்கு தானா மெயில் போடவும், ஆபீஸ் அவர்ஸ்ல போய் புரியலன்னு சொல்லவும் 17 வயசுல கத்துக்கிட்டா, தம்பி அத காலேஜ் ரெண்டாவது வருஷத்துலதான் கத்துக்கிட்டான். இதுவும் பெரிய லாபம்தான், மறைக்க மாட்டேன்.

நடுவுல காலேஜ் இன் தி ஹைஸ்கூல்னு ஒண்ணு இருக்கு. நம்ம ஸ்கூல்லயே, நம்ம டீச்சரே எடுப்பாங்க, க்ரெடிட் காலேஜ் கொடுக்கும். பப்ளிக் காலேஜ் மூலமா எடுத்தா 2023-ல இருந்து ஃபீஸும் இல்ல. ஸ்கூல்லதானே நடக்குதுன்னு லேசா எடுத்துக்கிறாங்க, ஆனா அந்த கிரேடும் காலேஜ் ட்ரான்ஸ்கிரிப்ட்லதான் ஏறும்.

எங்க செல்லும்ங்கிறதும் பாக்கணும். யூ-டப் (யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்), வாஷிங்டன் ஸ்டேட் யூனிவர்சிட்டி மாதிரி நம்ம ஸ்டேட் யூனிவர்சிட்டினா ரன்னிங் ஸ்டார்ட் க்ரெடிட் பெரும்பாலும் சிக்கல் இல்லாம போகும், யூ-டப்-க்கு ஃப்ரெஷ்மேனாவேதான், அதாவது முதல் வருஷ மாணவராவேதான், அப்ளை பண்றாங்க. ஆனா 90 க்ரெடிட் இருந்தா ரெண்டு வருஷம் அப்படியே குறைஞ்சிடும்னு கனவு காணாதீங்க, இன்ஜினியரிங்ல கால்குலஸ், பிசிக்ஸ்னு ஒண்ணு முடிச்சாதான் அடுத்தது, அந்த வரிசைல இல்லாத க்ரெடிட் வெறும் எண்ணிக்கைதான். வெளி ஸ்டேட் ப்ரைவேட்னா, ஹைஸ்கூல் டிப்ளமாவுக்கு கணக்கு காட்டின காலேஜ் கோர்ஸுக்கு க்ரெடிட் தர மாட்டோம்னு நிறைய இடத்துல சொல்லிடுவாங்க. ஏபி சிலபஸ் நாடு முழுக்க ஒண்ணுங்கிறதால அட்மிஷன் ஆபீஸருக்கு உடனே புரியும், ஆனா டிகிரிக்கு க்ரெடிட்னு கேட்டா ப்ரவுன், டார்ட்மவுத், கால்டெக் எல்லாம் ஏபி-க்கும் கொடுக்கிறதில்ல.

போன வாரம் எதிர் வீட்டுல கேட்டாங்க, அவங்க பொண்ணுக்கும் டாக்டர் ஆகணுமாம். சயின்ஸ் எல்லாம் ஸ்கூல்லயே ஏபி-யா இருக்கட்டும், காலேஜ்ல முதல் குவார்ட்டர் இங்கிலீஷ் 101 மட்டும் எடுத்துப் பாக்கட்டும்னு சொன்னேன். வித்ட்ரா கடைசி தேதிய சேர்ற அன்னிக்கே வீட்டு காலண்டர்ல எழுதச் சொன்னேன், அந்த வாரம் பொண்ணு பக்கத்துல உக்காந்து எப்படி போகுதும்மான்னு திட்டாம கேளுங்கன்னும் சொல்லிட்டு வந்தேன்.