இரவல் கோர்களில் ஆறு வருடம்

என் ஆராய்ச்சி புரதங்களைப் பற்றியது. ஒரு புரதத்தின் குழிவில் எந்தச் சிறு மூலக்கூறு நன்றாகப் பொருந்தும் என்று கணினியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் ஆகும். 1 லட்சம் மூலக்கூறுகளை ஒரே கோரில், அதாவது சிபியுவுக்குள் கணக்குப் போடும் ஒரே அலகில், ஓட்டினால் 208 நாள். அதைக் கூட்டிப் பார்த்த வாரத்தில்தான், பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொதுக் கணினித் தொகுப்பில் சேர்ந்தேன். ஆறு வருடம் ஆகிறது. இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

அங்கே வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது எச்டிகாண்டர் என்ற மென்பொருள். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் 1980களில் பிறந்தது. 2012 வரை காண்டர் என்றே பெயர். ஆளில்லாமல் சும்மா கிடக்கும் கணினிகளைத் தேடிப்பிடித்து வேலை வாங்குவதுதான் அதன் தொடக்கம். நொடிக்கு எத்தனை கணக்கு போடுகிறது என்பதைவிட, வருடம் முழுக்க எத்தனை போட்டு முடிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அதன் பின்னால் இருந்த மிரன் லிவ்னியின் வாதம். சூப்பர் கம்ப்யூட்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அதில் இருக்கிறது. எனக்கு அது புரிய ஒரு வருடம் ஆனது.

தொகுப்புக்கு அனுப்பும் ஒரு தனி வேலைக்கு ஜாப் என்று பெயர். முதல் முறை மூலக்கூறுக்கு ஒரு ஜாப் என்று 1 லட்சம் ஜாப்களை அனுப்பினேன். 3 நிமிட வேலைக்காக ஒவ்வொரு முறையும் கன்டெய்னரும் (நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதி) கோப்புகளும் எங்கோ ஒரு கணினிக்குப் போய் இறங்க வேண்டும். வேலையைவிடப் பயணம் பெரிதாகிவிட்டது. சரி, நூறு நூறாகக் கட்டலாம் என்று மாற்றினேன். ஒரு ஜாப் 5 மணி நேரம் ஓடியது. அப்போதுதான் வெளியேற்றம் என்றால் என்னவென்று தெரிந்தது. அந்தக் கணினி நமக்கு இரவல்தான். உரிமையாளருக்குத் தேவைப்பட்டதும் நம் ஜாப்பை நிறுத்திவிட்டு அவருடையதை ஓட்டும். நம்முடையது திரும்ப வரிசைக்கு வந்து, வேறோர் இடத்தில் முதலிலிருந்து தொடங்கும். நான்கரை மணி நேரம் ஓடியது போனது போனதுதான். அது நியாயமான ஏற்பாடு என்றே இன்றும் நினைக்கிறேன். அப்படி ஓர் உத்தரவாதம் இல்லையென்றால் யாரும் தன் கணினியைப் பொதுவில் தரமாட்டார்கள்.

கடைசியில் நாற்பது மூலக்கூறுக்கு ஒரு ஜாப், 2 மணி நேரம், மொத்தம் 2,500 ஜாப் என்று நிலைத்தது. அதோடு செக்பாயின்ட்டும் சேர்த்தேன். பத்து மூலக்கூறு முடிந்ததும் என் ஸ்கிரிப்ட் முடிவுகளை எழுதிவிட்டு 85 என்ற எண்ணோடு வெளியே வரும். அந்த எண்ணைப் பார்த்தால் எச்டிகாண்டர் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டும். ஜாப்பை விவரித்து அனுப்பும் சப்மிட் கோப்பில் ஓரிரு வரி சேர்த்தால் போதும். இதை முதல் வருடமே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும்!

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது கருந்துளைக் கணினி. ஒரு மையத்தில் ஏதோ கோளாறுள்ள ஒரு கணினி, வந்த ஜாப்பை நொடிகளில் தோற்கடித்துவிட்டது. உடனே அது காலியாகிவிடும், உடனே அடுத்த ஜாப் அதனிடம் போகும். காலையில் பார்த்தால் சில நூறு ஜாப்களை அந்த ஒரே கணினி விழுங்கியிருந்தது. அப்புறம்தான் பிழையோடு முடிந்த ஜாப்பை மறுபடி வரிசையில் போடவும், குறிப்பிட்ட கணினியைத் தவிர்க்கவும் எழுதக் கற்றேன். இன்னொரு முறை பிழை என்னுடையது. என் புதிய கணினிக்கென்றே கம்பைல் செய்த, அதாவது அதன் சிபியுவின் கட்டளைகளாக மாற்றிய, நிரலைப் பழைய சிபியுக்களுக்கு அனுப்பியிருந்தேன். தெரியாத கட்டளை என்று சொல்லி அது அங்கே செத்துப்போனது. கூட்டுத் தொகுப்பில் எல்லாக் கணினியும் ஒரே வயதாக இருக்காது. பொதுவான, பழைய சிபியுவுக்கும் பொருந்துகிற மாதிரி கம்பைல் செய்ய வேண்டும்.

வெட்கப்பட வைத்தது வேறொன்று. ஒரு கோர் கேட்டுவிட்டு, என் நிரல் கண்ணில் பட்ட கோர்களையெல்லாம் எடுத்துக்கொண்டது. மூலக்கூறுகளைக் குழிவில் பொருத்திப் பார்க்கும் அந்த நிரலான ஆட்டோடாக் வைனா தன்னிச்சையாக அப்படித்தான் ஓடும், சிபியு எண்ணிக்கையை 1 என்று நாம் கொடுத்தாக வேண்டும். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் வேலை என்னால் மெதுவானது. நிர்வாகி பொறுமையாக எழுதிய மின்னஞ்சலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

மெமரி விஷயத்தில் பயந்து 8 ஜிபி கேட்டுக்கொண்டிருந்தேன். ஜாப் முடிந்ததும் லாகில், அதாவது அதன் பதிவுக் கோப்பில், எவ்வளவு கேட்டோம், எவ்வளவு பயன்பட்டது என்று ஓர் அட்டவணை வரும். என்னுடையது 600 எம்பியைத் தாண்டவே இல்லை. 1 ஜிபி என்று குறைத்ததும் ஒரே நேரத்தில் ஓடும் ஜாப்கள் பல மடங்கு ஆயின. புதிதாகச் சேர்பவர்கள் முதலில் பத்தே பத்து ஜாப் அனுப்பி, அந்த அட்டவணையைப் படித்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.

நூறு கணினிகள் விடாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டிய கணக்கு என்றால் இங்கே வராதீர்கள். நாளை மறுநாள் முடிவு வேண்டும் என்றாலும் இதை நம்ப முடியாது. பெரும்பாலானவை ஒரே நாளில் முடிந்துவிடும், கடைசி சில ஜாப்கள் வெளியேற்றப்பட்டும் வரிசையில் காத்தும் இரண்டு நாள் இழுக்கும். இப்போதெல்லாம் நாற்பது ஐம்பது ஜாப் மிச்சம் இருக்கும்போது அவற்றை வரிசையிலிருந்து எடுத்து, ஆய்வகக் கணினியிலேயே ஓட்டி முடித்துவிடுகிறேன்.