பாஷாணம் யாருடையது? கோத்தகிரியில் வீடு வாங்குமுன் பெற்ற பத்திர ஆய்வுச் சேவை பற்றி

கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையின் ஒரு கிளைப்பாதையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பன்னிரண்டு சென்ட் நிலத்துடன் கூடிய பழைய ஓட்டு வீடு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். கிரயம் பதிவதற்கு முன்பு, நீலகிரியில் இயங்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆவணங்களைக் கொடுத்துச் சட்டக் கருத்துரை பெற்றோம். அந்தச் சேவையைப் பற்றியே எழுதுகிறேன். நிறையோடு குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

வீட்டின் சமையலறைக்குப் பின்னால், நிறுத்தி வைத்த லாரி அளவுக்கு ஒரு கருங்கற்பாறை மண்ணிலிருந்து எழுந்து நிற்கிறது. விற்றவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, சொத்தாகவே சொன்னார். "இதை உடைத்தாலே தடுப்புச் சுவருக்கு வேண்டிய கல் முழுவதும் கிடைத்துவிடும் சார், மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு லோடு கல்லை மேலே ஏற்ற என்ன ஆகும் என்று விசாரித்துப் பாருங்கள்" என்றார். சரிவில் வீடு வைத்திருப்பவருக்குத் தடுப்புச் சுவர் எவ்வளவு பெரிய செலவு என்பது தெரியுமாதலால், அவர் கணக்கு எனக்கும் நியாயமாகவே பட்டது. சென்ட் விலையில் அந்தக் கல்லின் மதிப்பும் சேர்ந்திருந்தது என்பதை இருவருமே வெளிப்படையாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஐயத்தைக் கிளப்பியவர் டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர். ஃபோர்ட் வொர்த் நகரில் அவர் வீடு வாங்கியபோது, தரைக்கு மேலுள்ள உரிமை மட்டுமே அவருக்கு வந்தது. அடியில் உள்ள எரிவாயுவின் உரிமையை முன்னொரு காலத்து உரிமையாளர் தனியாகப் பிரித்துத் தம்மிடமே நிறுத்திக்கொண்டிருந்தார். பார்னெட் ஷேல் என்ற பாறைப் படிவம் அந்த நகரத்துக்கு அடியிலேயே ஓடுவதால், அங்கே வீடு விற்கும்போது கனிம உரிமை சேர்ந்து விற்கப்படுகிறதா, விலக்கி வைக்கப்படுகிறதா என்பதைப் பத்திரத்தில் எழுதுவது சாதாரண நடைமுறை. எழுதாமல் விட்டால் பின்னால் தொல்லை. ஏனெனில் டெக்சாஸ் சட்டப்படி, கனிம உரிமை பெற்றவர் அதை எடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல்தரையையும் பயன்படுத்தலாம். "உங்கள் பாறை யாருக்குச் சொந்தம் என்று பத்திரத்தில் இருக்கிறதா, மாமா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது, இது அமெரிக்கத் தொல்லை, நமக்கு எதற்கு என்றுதான் பதில் சொன்னேன். அன்றிரவு தாய்ப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். கேள்விக்குப் பதில் அதிலேயே இருந்தது. இருந்ததுபோல் தோன்றியது என்பது இன்னும் சரி.

தமிழ்நாட்டில் பழைய கிரயப் பத்திரம் எதையும் எடுத்துப் பார்த்தவர்கள் அந்த வரியைக் கண்டிருப்பார்கள்: நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று அடுக்கி, "அஷ்டபோக சுதந்திரங்களுடன்" என்று முடியும். தரு பல பத்திரங்களில் பின்னால் நுழைந்த சொல்லாதலால் எட்டு என்ற கணக்கு உதைக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. புதையல், புதைத்து வைத்த பொருள், நீர், மரம், கல், குறையாத பயன், இனி வரப்போகும் பயன், இப்போது கைகூடியிருக்கும் பயன், முயன்றால் கைகூடக்கூடிய பயன் என எல்லாவற்றையும் விற்பவர் வாங்குபவருக்குக் கொடுத்துவிடுகிறார். பாஷாணம் என்றால் கல். ஆக, பாறை நமக்கே என்று அந்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

அலுவலகத்தில் என்னிடம் பேசிய இளைய வழக்கறிஞர், இந்த நிம்மதியைக் கலைக்க இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. விற்பவரிடம் இருப்பதைத்தான் விற்க முடியும், பத்திர எழுத்தர் பழக்கத்தால் எழுதிய சொல் இல்லாத உரிமையை உண்டாக்காது என்றார். எடுத்துக்காட்டுக்கு முதற்சொல்லையே காட்டினார். நிதி என்று பத்திரத்தில் இருந்தாலும், 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஜலம் என்று இருந்தாலும், நீலகிரியில் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அப்படியிருக்கப் பாஷாணம் மட்டும் எப்படித் தடையின்றி வந்து சேரும் என்று கேட்டார். இந்த விளக்கத்துக்கே கட்டணத்தில் பாதியைக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. முழுக் கட்டணம் 9,000 ரூபாய். நகல்களுக்கான செலவு தனி.

கருத்துரை பதினான்கு பக்கம். வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு), புல வரைபடம் பற்றிய பக்கங்கள் எந்த நல்ல வழக்கறிஞரும் எழுதக்கூடியவை. அவற்றில் பிழை இல்லை என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அலுவலகத்தின் தனிச் சிறப்பு ஒன்பதாம் பக்கத்தில் "கல், மண், கனிமம்" என்ற தலைப்பில் இருந்தது. கோயம்புத்தூரில் மனை வாங்கியபோது நான் பெற்ற கருத்துரையில் இப்படியொரு தலைப்பே கிடையாது.

அதன் சாரம் இது. நிலத்துக்கு அடியிலுள்ள எல்லாக் கனிமமும் அரசுக்கே சொந்தம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விற்றவரின் மகனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அப்படிப் பொதுவாக அறிவிக்கும் சட்டம் எதுவும் இல்லை என்றும், முறையான சட்ட வழியில் பறிக்கப்பட்டிருந்தாலொழிய நிலத்தின் உரிமையோடுதான் அடிநிலக் கனிமத்தின் உரிமையும் செல்லும் என்றும் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2013 ஜூலையில், திரேசியம்மா ஜேக்கப் வழக்கில் தீர்ப்பளித்தது. அது பழைய மலபார் மாவட்டத்து ஜென்ம நிலம், அதாவது ஜென்மிகள் என்ற நிலவுடைமையாளர்களுக்கு முழு உரிமையாக இருந்த நிலம், பற்றிய வழக்கு. நிலக்காரருக்குச் சொந்தமான கனிமத்துக்கும் அரசுக்கு ராயல்டி (கனிமம் எடுப்பதற்காகக் கட்டும் தொகை) கட்ட வேண்டுமா என்ற கேள்வியை அந்த அமர்வு தொடவில்லை. ராயல்டி என்பது வரியா என்ற வழக்கு அப்போது பெரிய அமர்வின் முன் நிலுவையில் இருந்தது. அந்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரியல்ல என்றும் கனிம உரிமைக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றும் 2024 ஜூலை 25 அன்று தீர்ப்பளித்தது. பன்னிரண்டு சென்ட் வீட்டுக்கு இந்தப் பகுதி சற்று மிகைதான். எனினும் படிப்பதற்குச் சுவையாக இருந்தது.

சொந்தம் என்பது வேறு, எடுக்கலாம் என்பது வேறு என்ற வேறுபாட்டை ஒன்பதாம் பக்கத்தின் கடைசிப் பத்தி தெளிவாக்குகிறது. 1957 ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில், கட்டடக் கல், சரளை, சாதாரண களிமண் ஆகியவை சிறுகனிமங்கள். அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உரியது. நம் மாநிலத்தில் 1959 ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. பட்டா நிலத்தில் இருக்கும் கல்லாக இருந்தாலும், குவாரி அனுமதி பெறாமல் வெட்டி எடுப்பதும், நடைச்சீட்டு (கனிமத்தை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) இல்லாமல் லாரியில் ஏற்றுவதும் குற்றம். 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இவற்றுக்கு மேல், நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் போன்ற இயந்திரங்களை இறக்குவதற்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வீட்டுக் கடைக்கால் தோண்டும்போது வரும் மண்ணை அதே மனையில் பரப்புவதற்கும் இந்தப் பயம் வேண்டுமா என்று கேட்டேன். புனே கட்டுநர்கள் தொடுத்த வழக்கில், கடைக்காலுக்காகத் தோண்டிய சாதாரண மண்ணை அந்தக் கட்டடத்துக்கே திரும்பப் பயன்படுத்துவதைக் கனிமம் எடுத்ததாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014 இல் கூறியிருப்பதை எடுத்துக்காட்டினார்கள். அது மண்ணைப் பற்றியது, பாறையை உடைப்பதற்கு அதை நம்பிப் போகாதீர்கள் என்ற எச்சரிக்கையையும் பென்சிலால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

எங்களுக்குப் பணமாக உதவிய கண்டுபிடிப்பு வேறு. பன்னிரண்டு சென்ட்டும் ஒரே வழியில் வந்த நிலமல்ல என்பதை அலுவலகம் அ-பதிவேட்டிலிருந்து கண்டது. எட்டு சென்ட் பழைய ரயத்துவாரிப் பட்டா, அதாவது நிலக்காரர் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டிவந்த முறையில் வந்த நிலம். மீதி நான்கு சென்ட், விற்றவரின் தந்தைக்கு 1960களில் அரசு ஒப்படை செய்து, அதாவது தன் நிலத்தை நிபந்தனைகளோடு வழங்கி, கொடுத்த நிலம். பட்டாவில் இரண்டும் இரு உட்பிரிவு எண்களாக நிற்கின்றனவே தவிர, வேறுபாடு ஒன்றும் தெரியாது. தாலுகா அலுவலகத்தில் ஒப்படை ஆணையின் நகலை வாங்கிப் பார்த்தபோது, பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு அடுத்ததாக, நிலத்திலுள்ள கல், கனிமம், புதையல் ஆகியவற்றின் உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொள்கிறது என்ற நிபந்தனையும் இருந்தது. பத்து ஆண்டு எப்போதோ கழிந்துவிட்டது. கனிம நிபந்தனைக்குக் காலவரையறை கிடையாது. என் மைத்துனரின் டெக்சாஸ் கதை நான்கு சென்ட் அளவில் எங்கள் கொல்லைப்புறத்திலேயே நடந்திருக்கிறது. பிரித்து வைத்துக்கொண்டவர் தனியார் அல்லர், அரசு என்பதே வேறுபாடு.

இனிக் குறைகள். ஏழு நாளில் தருவதாகச் சொன்ன கருத்துரை வந்து சேர இருபத்து நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் முன்பண ஒப்பந்தத்தின் கெடு முடிந்து, விற்பவரிடம் நான் இருமுறை தவணை கேட்க நேர்ந்தது. இரண்டாவது, பதினோராம் பக்கத்தில் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969 பற்றி ஒரு முழுப் பத்தி. அந்தச் சட்டம் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து நிலங்களுக்கானது; கோத்தகிரிக்கு அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை. வேறு யாருக்கோ எழுதியதை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது வெளிப்படை. 1880களின் தொடக்கத்தில் லண்டனில் பங்கு விற்றுத் தங்கம் தோண்ட வந்த கம்பெனிகள் சில ஆண்டுகளிலேயே கவிழ்ந்து விட்டுப்போன குழிகள் தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் இன்றும் இருப்பதால், அங்கே வீடு வாங்குபவருக்கு அந்தப் பத்தி உயிர்நாடி. எனக்கு அது தாளுக்குக் கேடு. சுட்டிக்காட்டியதும் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது குறை பெரியது. அலுவலகத்திலிருந்து ஒருவர்கூட இடத்துக்கு வரவில்லை. பாறை எந்த உட்பிரிவில் நிற்கிறது என்பதே முழுக் கேள்வியாக இருக்கும்போது, "சர்வே செய்து தெரிந்துகொள்ளவும்" என்ற ஒரு வரியோடு கருத்துரை நின்றுவிட்டது. உரிமம் பெற்ற நில அளவர் ஒருவரை நானே தனியாகப் பணம் கொடுத்து அழைத்து வந்தேன். அவர் புல வரைபடத்தை விரித்து, தேயிலைச் செடிகளுக்கு அடியில் புதைந்திருந்த எல்லைக்கல்லைத் தேடி எடுத்து, அங்கிருந்து சங்கிலி பிடித்து வந்து பாறையின் முதுகின் மேலேயே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் எட்டு சென்ட்டில், பாறையின் கால்பங்கு. முக்கால்பங்கு அந்தப் பக்கம். விற்றவர் கோட்டையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். மறுநாள் மொத்த விலையில் 60,000 ரூபாய் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

கிரயப் பத்திர வாசகத்தை அலுவலகமே எழுதிக் கொடுத்தது. இதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. எட்டு சென்ட்டுக்கு அஷ்டபோக வரி வழக்கம்போல் வருகிறது. நான்கு சென்ட்டுக்கு மட்டும், ஒப்படை ஆணையின் எண்ணைக் குறிப்பிட்டு, அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டே விற்கப்படுகிறது என்று எழுதினார்கள். இது வாங்குபவரைவிட விற்பவருக்கே கூடுதல் பாதுகாப்பு என்று அவருக்கும் விளக்கினார்கள்: 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55 ஆம் பிரிவு, உரிமையில் உள்ள முக்கியமான குறையை விற்பவர் தெரிந்திருந்தால் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது, தன்னிடம் இல்லாத பாஷாணத்தை விற்றதாக எழுதிவிட்டுப் பின்னால் நஷ்டஈட்டுக்கு அவர் ஏன் நிற்க வேண்டும்?

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். இடத்தைப் பார்வையிட ஒருவரை அனுப்பியிருந்தால் நாலரை. செல்பவர்கள் தாய்ப் பத்திரங்களின் நகல்களோடு, விற்பவரிடம் ஒப்படை ஆணை இருக்கிறதா என்று முன்பே கேட்டு வாங்கிச் செல்வது நல்லது. எங்களுக்கு ஆன தாமதத்தில் பாதி அந்த ஒரு தாளைத் தேடியதில் ஆனது. நில அளவரையும் கருத்துரை வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் மூடுபனியிலும் மழையிலும் எல்லைக்கல் தேட அவர்கள் இறங்குவதில்லை.