மதம் சாராத பார்வைக்குப் பள்ளியில் தனி அறையா, பொது அறையா?

சமயப் பாடம் இருக்கிற நாடுகளில் ஒரு கேள்வி எழுந்தே தீரும். கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளை அந்தப் பாடவேளையில் என்ன செய்வது? ஐரோப்பாவில் இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன: அந்தப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு, மதத்தைத் தள்ளிவைத்துவிட்டு எல்லோருக்கும் அறவியல் வகுப்பு, அல்லது சமயப் பாடத்துக்குள்ளேயே மதம் சாராத பார்வைக்கும் ஒரு இடம். மூன்றாவதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் அதை அரைகுறையாகச் செய்தால் மூன்றிலும் அதுதான் மோசமாகப் போகும்.

முதலில் தனி வகுப்பு. பின்லாந்தில் பிள்ளைகள் அவரவர் சமயத்தைப் படிக்கிறார்கள், எந்தச் சமய அமைப்பிலும் சேராதவர்களுக்கு வாழ்க்கைப் பார்வையும் அறமும் சொல்லித்தரும் தனிப் பாடம் இருக்கிறது. மூன்று பிள்ளைகள் சேர்ந்தாலே அதை நடத்தியாக வேண்டும் என்கிறது சட்டம். பெல்ஜியத்தில் இந்த உரிமை அரசமைப்பிலேயே, 24-ஆம் பிரிவில் இருக்கிறது: பொதுப் பள்ளிகள் அங்கீகரிக்கப்பட்ட மதங்களின் பாடத்தோடு மதம் சாராத அறப் பாடத்தையும் தர வேண்டும். சிறுபான்மைக்கு இவ்வளவு உறுதியான ஏற்பாடு இருப்பது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த அறைக்குள் யார் போகிறார்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். பின்லாந்தில் லுத்தரன் என்ற கிறித்தவச் சபையில் உறுப்பினராக இருக்கிற பிள்ளை ஆசைப்பட்டாலும் அந்தப் பாடத்தை எடுக்க முடியாது. அப்படியானால், கடவுளை நம்பாத ஒருவர் நல்லது கெட்டதை எப்படி முடிவு செய்கிறார், சாவை எப்படி எதிர்கொள்கிறார் என்பதை நம்பிக்கையுள்ள பிள்ளை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்? இலங்கையில் படித்தவர்களுக்கு இந்தப் பிரிப்பு நன்றாகத் தெரியும். சமயப் பாட மணி அடித்ததும் சைவப் பிள்ளைகள் ஒரு பக்கம், கத்தோலிக்கப் பிள்ளைகள் இன்னொரு பக்கம் என்று போய்விடுவார்கள், எந்தச் சமயமும் வேண்டாம் என்கிற பிள்ளைக்கு அங்கே பாடமே கிடையாது. பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழிப் பகுதியும் பிரிப்பு மட்டும் போதாது என்று கண்டு, 2016-இல் தொடக்கப் பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எல்லோருக்கும் பொதுவாகத் தத்துவமும் குடிமையும் சொல்லித்தர ஆரம்பித்தது.

இரண்டாவது வழிக்கு பெர்லின். 2005-இல் ஹாதூன் சூருஜூ என்ற இளம்பெண்ணை அவருடைய தம்பி சுட்டுக் கொன்றான். தன் விருப்பப்படி வாழ்ந்ததுதான் அவர் செய்த 'குற்றம்'. அந்தக் கொலையைச் சில பள்ளி மாணவர்களே ஆதரித்துப் பேசியது நகரத்தை உலுக்கியது. வெவ்வேறு வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து அறம் பேசுவதற்கு இடமே இல்லையே என்ற கவலைதான், 2006-இல் ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறவியலைக் கட்டாயமாக்கியது. மதப் பாடமும், கடவுளைச் சாராமல் மனிதரை மையமாக வைத்து அறம் பேசும் மனிதநேயவாத அமைப்பு நடத்தும் வாழ்க்கைக் கல்வியும் விருப்பப் பாடங்களாக நீடித்தன. மதப் பாடத்துக்கும் அறவியலுக்கும் சம நிலை கேட்டு 2009 ஏப்ரலில் பொது வாக்கெடுப்பு நடந்தது, அது தோற்றது.

பெர்லின்காரர்கள் செய்தது நியாயம் என்றே நினைக்கிறேன். ஒரே குறை, மதத்தையும் மதமின்மையையும் ஆழமாகப் பார்க்கிற வேலை விருப்பப் பாடத்துக்குப் போய்விடுகிறது. பொதுவில் பேசுவது நட்பு, நீதி, பொறுப்பு. எல்லாம் நல்ல தலைப்புகள்தான், ஆனால் பக்கத்து இருக்கைப் பையன் ஏன் நோன்பு இருக்கிறான், இன்னொருத்தி ஏன் எதையும் கும்பிடுவதில்லை என்பது அதிலேயே தெளிவாகிவிடாது.

மூன்றாவது வழி எப்படிச் சறுக்கும் என்பதற்கு நார்வே. 1997-இல் கிறித்தவம், பிற மதங்கள், மதம் சாராத வாழ்க்கைப் பார்வைகள் மூன்றையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே பாடம் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் அருமை. நடைமுறையில் கிறித்தவத்தின் எடை மிக அதிகம், முழு விலக்கும் கிடையாது. இந்தப் பகுதி வேண்டாம், அந்தப் பகுதி வேண்டாம் என்று பெற்றோர் பொறுக்கி எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதும்போதே தங்கள் வீட்டு நம்பிக்கையைப் பள்ளிக்குத் திறந்து காட்டியாக வேண்டும். மனிதநேயவாதப் பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2007-இல் 9-க்கு 8 என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது.

அதையே ஒழுங்காகச் செய்யப் பார்க்கிறது வேல்ஸ். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாடத்தின் பெயரே மதம், விழுமியங்கள், அறவியல் என்று மாறியது. மதம் சாராத தத்துவ நம்பிக்கைகளும் பாடத்தில் வந்தாக வேண்டும், 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தப் புதிய பாடத்திட்டத்தில் பெற்றோர் பிள்ளையை வெளியே எடுக்கும் உரிமையும் இல்லை. விலக்கு இல்லை என்பது பலருக்கு உறுத்துகிறது. எனக்கு உறுத்தவில்லை, பாடம் நடுநிலையாக இருக்கிறவரை. பக்கத்தில் இங்கிலாந்திலோ விலக்கும் இருக்கிறது, குழப்பமும் இருக்கிறது. மதம் சாராத பார்வைகளுக்கும் அரசு சம மரியாதை தர வேண்டும் என்று 2015-இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும், உள்ளூருக்கு உள்ளூர் பாடத்திட்டம் வேறுபடுகிறது.

நாத்திகம் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது, நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்கிற புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மணிமேகலையின் 27-ஆம் காதையைக் காட்டலாம். வஞ்சி நகரில் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், சமணர் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிற மணிமேகலை, அதே வரிசையில் பூதவாதியிடமும் போகிறாள். நிலம், நீர் முதலான பூதங்களின் சேர்க்கையால்தான் உணர்வு, கண்ணால் கண்டதுதான் உண்மை, மறுபிறவி பொய் என்கிறான் அவன். அவனை அவள் விரட்டவில்லை. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்டு மடக்குகிறாள். நல்ல ஆசிரியர் ஒருவர் கையில் இது ஒரு முழுப் பாடவேளைக்குத் தாங்கும். பூதவாதி என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று பிள்ளைகளை யோசிக்கச் சொன்னால் போதும், வகுப்பு களைகட்டிவிடும்.

சிக்கல் ஆசிரியரிடம்தான். மனிதநேயவாதத்தை வெறும் 'கடவுள் இல்லை' என்ற ஒற்றை வரியாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிற ஆசிரியர் வாய்த்தால், வேல்ஸ் சட்டமும் காப்பாற்றாது. எதை நம்பவில்லை என்பதில் நின்றுவிடாமல், எதை நம்பி வாழ்கிறார்கள், கல்யாணத்தையும் இறுதிச் சடங்கையும் மதமில்லாமல் எப்படி நடத்துகிறார்கள் என்றெல்லாம் பேச வேண்டும். பயிற்சி இல்லாத இடத்தில், இப்போதைக்கு பின்லாந்தின் தனி வகுப்பே மேல் என்று சொல்லவும் தயங்கமாட்டேன்.

இங்கிலாந்தில் பிள்ளை படிக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். உள்ளாட்சியின் சமயப் பாடத்திட்டத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை செய்தாக வேண்டும். உங்கள் ஊரில் அடுத்தது எப்போது, சமயப் பாடம் பற்றி உள்ளாட்சிக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் மனிதநேயவாதிக்கு இடம் உண்டா என்று கேளுங்கள். மனிதநேயவாதி என்பதற்காக ஒருவரை முழு உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது சட்டவிரோதம் என்று கென்ட் கவுன்ட்டி வழக்கில் 2023-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது.