202 கறுப்புக்கு எந்தப் பொலிஷ்? ஒரு பொனட்டில் மூன்று போத்தல்

என் கார் கறுப்பு டொயோட்டா. நிறக் குறியீடு 202. பெயின்ட் வேலை தெரிந்தவர்களிடம் இந்த நம்பரைச் சொன்னால் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகுதான் பதில் வரும். காய்ந்த துணியால் தூசு தட்டினாலே கோடு விழுகிற சொஃப்ட் பெயின்ட் அது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த காரைத்தான் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தோம். தேய்த்ததே வினையானது வேறு கதை.

நான் வழக்கமாகப் போகும் சேர்விஸ் இடத்தில் ஒருநாள் 'பொலிஷும் போட்டுத் தாறம்' என்றார்கள். ஒரே அச்சில் சுழலும் ரொட்டரி மெஷின், கம்பளிப் பேட். மாலை நாலரைக்கு மெரின் டிரைவில் வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் தெரிந்தது, பொனட் முழுக்க மெஷின் சுழன்ற தடம். வளைவு வளைவாக, கார் திரும்பும்போது கூடவே திரும்புகிறது. அன்றைக்கே ஒரு டுவல் அக்ஷன் மெஷின் (சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் அசையும், தடம் விடுவது குறைவு) வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

வெள்ளவத்தையில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்தான் பட்டறை. பொனட்டை மாஸ்கிங் டேப்பால் மூன்று கட்டமாகப் பிரித்தேன். ஒரே வகைக் கறுப்பு ஃபினிஷிங் பேட், ஒரே வேகம், கட்டத்துக்கு ஒரு போத்தல்: மெகுவையர்ஸ் எம்205, மென்சர்னா 3500, சோனாக்ஸ் பெர்ஃபெக்ட் ஃபினிஷ்.

முதல் கட்டம் முடித்துப் பேட்டைக் கழற்றி பிரஷ் பிடித்தால், பிரஷில் வந்ததெல்லாம் கறுப்பு. பேட்டே கறுப்பு என்பதால் அதுவரை கண்ணில் படவில்லை. வயிறு கலங்கிவிட்டது. 202 பூசிய பல கார்களில் மேலே கிளியர் கோட் எனும் நிறமில்லாத பாதுகாப்புப் படை கிடையாது, நிறமே மேல்படை. அதனால் பேட்டில் வருவது பெயின்ட்தான். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொரு தேய்ப்பும் அந்தப் படையில் இருந்துதான் போகிறது என்பதை மறக்கவும் கூடாது. ஒரு தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். கார் பெயின்ட்டின் மேல்படை பெரும்பாலும் அதைவிட மெல்லியது. அதனால் 'நல்லா வெட்டுற', அதாவது பெயின்ட்டைக் கூடுதலாகச் சீவுகிற கொம்பவுண்ட்களை நான் போட்டிக்கே எடுக்கவில்லை. சொஃப்ட் பெயின்ட்டில் கோடு சுலபமாகப் போய்விடும். கோடு போன இடத்தில் மெஷின் விட்டுப் போகும் மங்கலை எடுப்பதுதான் பாடு.

கோடு எடுப்பதில் எம்205 முன்னுக்கு நின்றது. அதன் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து சிறிதாகிற வகை அல்ல; முதல் சுற்றில் எப்படி வெட்டுகிறதோ கடைசிச் சுற்றிலும் அப்படியே வெட்டும். ஆகவே முடிவு உங்கள் கையில்: கடைசி இரண்டு சுற்றுக்கு வேகத்தைக் குறைத்து, மெஷினின் பாரத்தை மட்டும் விட வேண்டும். நான் முதல் தடவை அழுத்திவிட்டேன். டியூப்லைட்டில் கண்ணாடி மாதிரி இருந்தது. ஐசோப்ரோப்பைல் அல்ககோலை மூன்று பங்கு தண்ணீரில் கலந்து துடைத்ததும் கோட்டை மறைத்திருந்த பொலிஷ் எண்ணெய் போய், டோர்ச் வெளிச்சத்தில் மெல்லிய புகை படிந்தது போல் மங்கல். இரண்டாம் தடவை அழுத்தாமல் செய்தேன், சரியாக வந்தது. இன்னொரு குறை: மழைக்கு முந்திய புழுக்கத்தில் மிச்சம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. துடைக்க இன்னொரு துணி வேண்டும், சொஃப்ட் பெயின்ட்டில் கூடுதல் துடைப்பு என்றால் கூடுதல் கோடு.

மென்சர்னா 3500 நேர்மாறு. துகள்கள் வேலை செய்யச் செய்ய நுணுகும். அவசரப்பட்டு இடையில் நிறுத்தினால் அரைகுறை. பொறுமையாக முழுச் சுற்றும் விட்டால் மூன்றிலும் ஆழமான கறுப்பு இதில்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ரொட்டரி போட்ட வளைவுகளில் பாதி அப்படியே நின்றன. ஏற்கனவே நல்ல நிலையில் உள்ள காருக்கு இதை எடுக்கலாம்.

சோனாக்ஸ் போத்தலில் 04-06 என்று இருக்கும். வெட்டு நாலு, பளபளப்பு ஆறு. நடைமுறையிலும் அப்படித்தான். எம்205 அளவுக்குக் கோடு எடுக்கவில்லை, மென்சர்னா அளவுக்கு மினுங்கவும் இல்லை. ஆனால் தூசி குறைவு, ஒரே துடைப்பில் வந்துவிடுகிறது, கை கொஞ்சம் பிழைத்தாலும் மன்னிக்கிறது. முழுக் காரையும் இதால்தான் செய்தேன். பொனட்டுக்கும் டிரைவர் பக்கக் கதவுக்கும் மட்டும் முதலில் எம்205.

சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் மெழுகுப் பொலிஷ் போதாதா என்று கீழ் வீட்டு அண்ணை கேட்டார். 'அது கோட்டை எடுக்காது அண்ணை, நிரப்பித்தான் வைக்கும். நாலு தரம் கழுவினால் திரும்ப வந்துடும்' என்றேன். அவருடையது வெள்ளை வேகன் ஆர். அவருக்கு அது போதும்தான்.

உண்மையில் போத்தலைவிடப் பேட்டும் துணியும்தான் கூட விளையாடின. ஒவ்வொரு கட்டத்துக்கும் பேட்டை பிரஷ் பண்ணினேன், முழுக் காருக்கு ஆறு பேட் போனது. மைக்ரோஃபைபர் பேட் இந்தப் பெயின்ட்டுக்கு வேண்டவே வேண்டாம். துணியைச் சோதிக்க ஒரு பழைய சிடியின் மினுங்குகிற பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். என்னிடமிருந்த 'புது' துணிகளில் இரண்டு அங்கேயே தோற்றன. ஒன்றில் லேபலை வெட்டாமல் விட்டிருந்தேன்.

கடற்கரைப் பக்கம் என்றால் உப்புப் படலத்தை நன்றாகக் கழுவிய பிறகே மெஷினைத் தொடுங்கள். நேரம் காலை ஆறு தொடக்கம் ஒன்பது வரை. பொனட்டில் புறங்கையை வைத்துச் சூடு தெரிந்தால் எந்தப் பொலிஷும் காய்ந்து ஒட்டும்.

கதவுக் கைபிடிக் குழிக்குள் இருக்கும் நகக்கோடுகளை மட்டும் விட்டுவிட்டேன். அதற்குள் மெஷின் போகாது, கையால் தேய்க்க எனக்குப் பொறுமை இல்லை.