11,503-ஆ, 50,000-ஆ, மூன்று லட்சமா? கென்ய அவசரநிலையின் சாவுக் கணக்குகள்

கென்யாவில் 1952 அக்டோபர் 20ஆம் தேதி பிரிட்டிஷ் ஆளுநர் எவ்லின் பேரிங் அவசரநிலை அறிவித்தார். அது விலக்கப்பட்டது 1960 ஜனவரியில். இடைப்பட்ட ஏழு ஆண்டுச் சொச்சத்தில் எத்தனை ஆப்பிரிக்கர்கள் செத்தார்கள் என்று கேட்டால், யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை பத்தாயிரத்துச் சொச்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை போகிறது. வழக்கமாக இப்படிப்பட்ட சர்ச்சையில் "உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அது சோம்பேறித்தனம். இந்தக் கணக்குகள் ஒரே பொருளை வெவ்வேறு தராசில் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் எண்ணிய ஆட்களே வேறு. அதனால் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பின்னணி சுருக்கமாக. மத்திய கென்யாவின் செழிப்பான மேட்டுநிலங்கள் வெள்ளைக் குடியேறிகளுக்குப் போனபின், கிகுயூ மக்கள் நெருக்கடியான ஒதுக்கீட்டு நிலங்களிலும் வெள்ளையர் பண்ணைகளில் கூலிக் குடிகளாகவும் நைரோபிச் சேரிகளிலும் அடைந்து கிடந்தார்கள். நிலமும் சுதந்திரமும் கேட்டு, இரகசியமாக உறுதிமொழி எடுத்துக்கொண்டு கிளம்பிய இயக்கத்தைத்தான் அரசு 'மவ் மவ்' என்று 1950-இல் தடை செய்தது. அவர்களில் ஒரு பகுதியினர் அபர்டேர் காடுகளிலும் கென்யா மலைச் சரிவிலும் ஆயுதம் ஏந்தினார்கள். இன்னொரு பக்கம், அரசோடு நின்ற கிகுயூக்களைக் கொண்டு ஊர்க்காவல் படை அமைக்கப்பட்டது. ஆக வெள்ளையர்-கறுப்பர் போரும் நடந்தது, ஒரே ஊருக்குள் அண்டை வீட்டார் சண்டையும் நடந்தது. கணக்கு குழம்புவதற்கு முதல் காரணமே இதுதான்.

அரசுப் பட்டியல்

காலனி அரசின் அதிகாரபூர்வக் கணக்கு 1960-இல் வெளியான கார்ஃபீல்ட் அறிக்கையில் இருக்கிறது: கொல்லப்பட்ட 'பயங்கரவாதிகள்' 11,503 பேர். மவ் மவ் கொன்ற ஆப்பிரிக்கக் குடிமக்கள் 1,800-க்கும் மேல், ஐரோப்பியக் குடிமக்கள் 32, ஆசியர்கள் 26.

அந்த 32 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைய லண்டன் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு மவ் மவ் என்றாலே வெள்ளைப் பண்ணை வீட்டுக்குள் நள்ளிரவில் நுழையும் வெட்டுக்கத்திதான். 1953 ஜனவரியில் ரக் குடும்பம், ஆறு வயதுப் பையன் உட்பட, கொல்லப்பட்டது உண்மைதான், கொடூரம்தான். ஆனால் அரசின் சொந்தப் பட்டியலே சொல்வது, மவ் மவ்வின் கையில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள் என்பது. அதாவது அரசு பரப்பிய கதையை அரசின் எண்ணே தாங்கவில்லை.

எண்ணைவிட எனக்கு உறுத்துவது அந்த அட்டவணையின் கட்டங்கள். கொல்லப்பட்ட பயங்கரவாதிகளுக்கு ஒரு கட்டம், பாதுகாப்புப் படைக்கு ஒன்று, 'விசுவாசமான' குடிமக்களுக்கு ஒன்று. கிகுயூக்களை அரசு அடைத்துவைத்த முள்வேலிக் கிராமத்தில் பசியாலும் நோயாலும் செத்த குழந்தைக்குக் கட்டமே கிடையாது. காட்டோரத்தில் சுடப்பட்டவன் போராளியா, மாடு தேடிப் போனவனா என்பதைச் சுட்டவர்தான் எழுதிக்கொடுத்தார். அந்த எண் கடைசி இலக்கம்வரை துல்லியமாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

எல்கின்ஸின் கணக்கு

ஹார்வர்ட் வரலாற்றாசிரியர் கரோலின் எல்கின்ஸ் 2005-இல் வெளியிட்ட நூல் இந்த விவாதத்தையே புரட்டிப் போட்டது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் வாங்கியது. ஆவணக் காப்பகங்களில் தடுப்புக்காவல் முகாம்கள் பற்றிய கோப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருப்பதைக் கண்டு, அவர் கென்ய ஊர்களுக்குப் போய் நூற்றுக்கணக்கானவர்களிடம் வாக்குமூலம் சேகரித்தார். அடி, பட்டினி, பாலியல் வதை, கட்டாய உழைப்பு என்று அவர்கள் சொன்னது ஒரே திசையில் போனது. அரசு 80,000 பேர் தடுப்புக்காவலில் இருந்ததாகச் சொன்னது; அவர் 1,60,000 முதல் 3,20,000 வரை என்றார். அதோடு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிகுயூக்கள் அகழியும் முள்வேலியும் சூழ்ந்த கிராமங்களில் அடைக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ ஓர் இனமே சிறைப்பட்டது என்பது அவர் வாதம்.

இதுவரை சரி. சிக்கல் சாவு எண்ணிக்கையில் வருகிறது. 1948, 1962 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை எடுத்து, கம்பா போன்ற மற்ற இனங்களின் வளர்ச்சி வேகத்தோடு கிகுயூ வளர்ச்சியை ஒப்பிட்டு, 1,30,000 முதல் 3,00,000 வரையிலான கிகுயூக்கள் 'கணக்கில் வரவில்லை' என்று எழுதினார். கணக்கில் வராதவர்கள் எல்லோரும் செத்தவர்கள் அல்லவே! ஆண்களைக் கூட்டம் கூட்டமாக அடைத்துவைத்தால் பிறப்பே குறையும். பிறக்காத பிள்ளையும் இறந்த பிள்ளையும் அந்தக் கழித்தலில் ஒன்றாகத்தான் வரும். இரண்டு இனங்களின் பிறப்பு விகிதம் அதற்கு முன்பு ஒன்றாக இருந்ததா என்பதும் தனிக்கேள்வி.

பிளாக்கர் போட்ட கணக்கு

இந்தத் துளையில்தான் மக்கள்தொகையியலாளர் ஜான் பிளாக்கர் கைவைத்தார். கென்யக் கணக்கெடுப்புகளோடு நேரடியாகப் பழகிய மனிதர். 2007-இல் அவர் எழுதிய கட்டுரையின் முடிவு: வழக்கத்துக்கு மேற்பட்ட சாவுகள் சுமார் 50,000; அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

எல்கின்ஸை மறுத்த கட்டுரை என்பதால் பிரிட்டிஷ் பேரரசுப் பிரியர்கள் இதைத் தூக்கிப்பிடித்தார்கள். எண்ணைக் கவனமாகப் படித்தார்களா தெரியவில்லை. பெரியவர்களின் சாவை மட்டும் எடுத்தால் 25,000 பக்கம் வருகிறது. அரசுப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு இடைவெளிதான், போர்க்காலக் கணக்குக்கு அது புதிதல்ல. ஆனால் குழந்தைகள்? அரசுப் பக்கம் அந்த வரிசையே இல்லை. துப்பாக்கியும் தூக்குக்கயிறும் குழந்தைகளை அந்த அளவுக்குக் கொல்லவில்லை; ஊர்களைப் பெயர்த்து, வயலுக்குப் போகும் நேரத்தைக் கட்டுப்படுத்தி, பெண்களை அகழி தோண்ட விட்டதன் விளைவாகத்தான் நான் அதைப் படிக்கிறேன். எல்கின்ஸின் எண் தோற்ற இடத்தில் அவருடைய வாதம் ஜெயித்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

ஆண்டர்சனின் தூக்குமேடைக் கோப்புகள்

அதே 2005-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து டேவிட் ஆண்டர்சனின் நூலும் வந்தது. அவர் நீதிமன்றப் பதிவுகளைத் தோண்டினார். அவசரநிலைக் காலத்தில் தூக்கிலிடப்பட்டவர்கள் 1,090 பேர். உறுதிமொழி செய்துவைத்ததும், ஆயுதம் வைத்திருந்ததும் தூக்குக்குரிய குற்றங்களாக்கப்பட்டன. களத்தில் செத்த போராளிகள் 20,000-க்கும் மேல் இருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு.

இவரிடம் எனக்குப் பிடித்தது, இரு தரப்பின் கொலையையும் ஒரே பக்கத்தில் வைப்பது. 1953 மார்ச் 26 இரவு லாரி (Lari) என்ற ஊரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அரசுத் தரப்பு சொன்னது: மவ் மவ் கும்பல் ஊர்க்காவல் படைக் குடும்பங்களின் குடிசைகளைப் பூட்டித் தீவைத்து, தப்பி ஓடிய பெண்களையும் குழந்தைகளையும் வெட்டியது, 70-க்கும் மேற்பட்டோர் பலி. வெளிநாட்டு நிருபர்களை அழைத்துப்போய்க் காட்டினார்கள். படங்கள் உலகம் சுற்றின. அதெல்லாம் நடந்ததுதான்.

ஆண்டர்சன் காட்டுவது, அந்த இரவில் லாரியில் இரண்டாவது ஒரு படுகொலையும் நடந்தது என்பதை. பழிவாங்கக் கிளம்பிய ஊர்க்காவல் படையும் போலீசும் சந்தேகப்பட்டவர்களையெல்லாம் கொன்றார்கள். இரண்டையும் சேர்த்துப் பலி 400 வரை போயிருக்கலாம் என்கிறார். இரண்டாவதற்கு நிருபர் இல்லை, வழக்கு இல்லை. முதலாவதற்கு 71 பேர் தூக்கிலேறினார்கள்.

தாக்கப்பட்டவர்கள் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அல்லர். கொல்லப்பட்ட முன்னாள் தலைவர் லூகா, டிகோனியில் வெள்ளையர்களுக்காக நிலத்தை விட்டுக்கொடுத்து, மாற்றாக லாரியில் நிலம் வாங்கிக் குடியேறியவர். லாரியில் ஏற்கெனவே உரிமை கோரியவர்களுக்கு அது ஆறாத புண். 'காட்டுமிராண்டி வெறி' என்ற அரசு விளக்கம் இந்த நிலத்தகராறைத் தொடவே இல்லை.

காகிதங்கள் வெளிவந்தபின்

வாக்குமூலங்களை மட்டும் நம்பினார் என்பதுதான் எல்கின்ஸ் மீது வைக்கப்பட்ட முக்கியக் குற்றச்சாட்டு. 2009-இல் முதிய கென்யர்கள் ஐந்து பேர் லண்டனில் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். எல்கின்ஸ், ஆண்டர்சன் இருவரும் அவர்கள் பக்கம் நிபுணர்களாக நின்றார்கள். வழக்கின் நெருக்கடியில் 2011-இல், ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் கென்யாவிலிருந்து கப்பலேற்றிய சுமார் 1,500 கோப்புகள் 'இருப்பது' தெரியவந்தது. 37 முன்னாள் காலனிகளைச் சேர்ந்த 8,800 கோப்புகள் அங்கே கிடந்தன. கொண்டுபோகாதவற்றில் எவ்வளவோ பிரிட்டிஷார் புறப்படும் முன்பே எரிக்கப்பட்டிருந்தன.

அவற்றில் கென்யாவின் அட்டர்னி ஜெனரல் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ் 1957-இல் ஆளுநருக்கு எழுதிய கடிதம் ஒன்று. கைதிகளை எந்த உறுப்புகளில் அடிக்கலாகாது என்று சட்டம் வகுத்துக்கொண்டிருந்தவர் அவர். "பாவம் செய்யத்தான் போகிறோம் என்றால், ஓசையில்லாமல் செய்ய வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். கிழவர்களின் நினைவு மிகைப்படுத்துகிறது என்று சொல்லிவந்தவர்களுக்கு அப்புறம் பேச அதிகம் இருக்கவில்லை. முகாம்களில் நடந்தது பற்றி எல்கின்ஸ் பக்கம்தான் நிற்கிறேன், எண்ணில் பிளாக்கர் பக்கம் நின்றாலும்.

அரசுத் தரப்பு விளக்கம் அந்தக் காலத்திலேயே ஒருமுறை வெளிப்படையாக உடைந்தது. 1959 மார்ச் 3 அன்று ஹோலா முகாமில் கைதிகள் 11 பேர் செத்தபோது, தண்ணீர் வண்டியிலிருந்து குடித்த பிறகு இறந்தார்கள் என்றது அறிவிப்பு. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, வேலை செய்ய மறுத்ததற்காக அடித்தே கொன்றார்கள் என்பது. நாடாளுமன்றத்தில் இதைக் கிழித்தவர்களில் ஈனாக் பவலும் ஒருவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பின்னாளில் குடியேற்ற எதிர்ப்புக்குப் பேர்போன அதே பவல்தான்.

கென்யாவின் சொந்தக் கணக்கு

பிரிட்டிஷ், அமெரிக்க ஆய்வாளர்களோடு நிறுத்திவிட்டால் ஒப்பீடு பாதிதான். 1963 டிசம்பரில் விடுதலை பெற்ற கென்யாவை ஆண்ட ஜோமோ கென்யாட்டா, மவ் மவ்வை நடத்தினார் என்று பொய்சாட்சி வைத்துச் சிறையில் தள்ளப்பட்டவர். அவரே மவ் மவ்வை ஒழிக்கப்பட்ட நோய் என்று சொல்லி, இனி நினைவுகூரவே கூடாது என்றார். எல்லோரும்தான் விடுதலைக்குப் போராடினோம் என்பது அவர் ஆட்சியின் வரலாறு. அதற்கு வலுவான காரணம் உண்டு: கைதிகள் முகாமில் இருந்த ஆண்டுகளில் நடந்த நிலச் சீர்திருத்தத்தில் பட்டா வாங்கியவர்களில் ஊர்க்காவல் படைக் குடும்பங்கள் முன்வரிசையில் இருந்தன. புதிய அரசின் அலுவலகங்களிலும் அவர்கள் இருந்தார்கள். கணக்கைத் திறந்தால் நிலத்தையும் திறக்க வேண்டியிருக்கும்.

வேறொரு கோணமும் உண்டு. பெத்வெல் ஓகோட், கென்யாவின் மூத்த வரலாற்றாசிரியர், லுவோ இனத்தவர். மவ் மவ் செய்த கொலைகளை எல்கின்ஸ் மெழுகிவிட்டார் என்று கடுமையாக எழுதினார். மவ் மவ் ஒட்டுமொத்தக் கென்யாவின் போராட்டம்தானா, கிகுயூக்களுடையதா என்ற கேள்வியும் அவரிடம் பழையது. கிகுயூ அல்லாதவர்களும் சிறை சென்றார்கள் என்பதற்கு நம்மூர்த் தொடர்புள்ள உதாரணம், கோவா வம்சாவளியில் நைரோபியில் பிறந்த பியோ காமா பின்டோ. ஆனாலும் ஓகோட்டின் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. லாரியின் முதல் படுகொலையில் எரிந்தவர்களை 'துரோகிகள்' என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டால், அரசுப் பட்டியல் செய்த வேலையைத்தான் நாமும் மறுபக்கம் நின்று செய்கிறோம்.

காலனி அரசு 1950-இல் போட்ட தடையை விடுதலை பெற்ற கென்யா 2003 வரை நீக்கவில்லை. 1957 பிப்ரவரியில் காமிட்டி (Kamiti) சிறையில் தூக்கிலிடப்பட்ட மவ் மவ் தளபதி தேதான் கிமாத்திக்கு நைரோபியில் சிலை எழுந்தது 2007-இல். பழைய போராளிகளுக்கு வெளிப்படையாகச் சங்கம் வைக்கவே அரை நூற்றாண்டு ஆனது. லண்டன் வழக்கு ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்பவர்களுக்கு இது பாதி விடை.

அந்த வழக்கு 2013 ஜூனில் சமரசத்தில் முடிந்தது. வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்கு மொத்தம் 1.99 கோடி பவுண்டு. சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை. தொடர்ந்து 40,000-க்கும் மேற்பட்டோர் போட்ட இன்னொரு வழக்கு, காலம் கடந்துவிட்டது என்ற அடிப்படையில் 2018-இல் தள்ளுபடியானது. அதனால் இன்றைய நிலவரப்படி, எந்தக் கணக்கையும் முழுதாக விசாரித்து நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதில்லை. எண் கேட்பவர்களுக்கு நான் 50,000 என்று சொல்வேன், பாதி குழந்தைகள் என்பதையும் சேர்த்து. யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் வாக்குமூலங்களையும் ஹான்ஸ்லோப் கோப்புகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். 11,503-ஐ மேற்கோள் காட்டுபவரிடம், அது யாரை எண்ணிய எண் என்று மட்டும் கேட்பேன்.