டிரம்ப் கார்டு தேடி பாரிமுனை வரைக்கும்

போன சனிக்கிழமை முழுக்க இதற்காகவே அலைந்தேன். தேடியது பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு, அதாவது 2002-ல் டபிள்யூ.டபிள்யூ.இ என்று பெயர் மாறுவதற்கு முன்னால் வந்த கட்டு; உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் என்று கேட்டுக் கேட்டு எதிராளியின் அட்டையைப் பிடுங்குவோமே, அதேதான். மலை மாதிரி உடம்புள்ள யோகோசுனாவின் அட்டையைக் கையில் வைத்திருப்பவன் எடை கேட்டுவிட்டால் தீர்ந்தது.

தெருமுனைப் பெட்டிக்கடையில் "அதெல்லாம் இப்ப யாருண்ணே கேக்குறாங்க" என்று சிரித்துவிட்டார்கள். ஃபேன்சி ஸ்டோரில் போக்கிமான் மட்டும், அதுவும் எழுத்துப்பிழையோடு அச்சடித்த போலி. அப்புறம் பாரிமுனைப் பக்கம் ஈவினிங் பஜார் சந்தில் ஒரு மொத்த வியாபாரக் கடை. பரணிலிருந்து தூசியோடு ஒரு பெட்டியை இறக்கினார் பெரியவர், எனக்குக் கை நடுங்காத குறை. கட்டு 60 ரூபாய். பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஜான் சீனா காலத்து ஆட்கள், அச்சும் மங்கல், ஓரமும் கோணல். அண்டர்டேக்கர் ஒருவர்தான் தெரிந்த முகம், அவருக்கும் ரேங்க் 14 போட்டிருக்கிறார்கள், மனசு ஆறவில்லை.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாக நாலு பெட்டி இறக்கிக் காட்டினார். ஆனால் பிரித்த கட்டைத் திரும்ப எடுக்க மாட்டாராம். ஜிபே உண்டு. மதியத்துக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் சந்தில் கால் வைக்க இடமிருக்காது. கிளம்பும்போது பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். "கிடைச்சா எனக்கும் ஒண்ணு கொண்டு வா தம்பி" என்றார்.